கொல்லைக் குளத்தில் ஆக்சிஜன் கண்காணிப்பு: கண், கிட், கைமீட்டர், சென்சார் – எவருக்கு எது?

வீட்டுக் கொல்லையில் இரண்டு மூன்று சென்ட் பரப்பில் குட்டை வெட்டியோ தார்ப்பாய்த் தொட்டி அமைத்தோ மீன் வளர்ப்பவர்கள், முதல் கோடை வருவதற்குள் ஒரு கேள்வியில் வந்து நின்றுவிடுகிறார்கள். நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கக் கருவி வாங்க வேண்டுமா, அல்லது மீன்களின் நடமாட்டத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாமா? கடைக்காரரைக் கேட்டால் கருவியைக் காட்டுவார். நெடுங்காலம் மீன் வளர்த்தவரைக் கேட்டால் கண்ணே போதும் என்பார். இருவரும் தத்தம் குளத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கேட்பவரின் குளம் வேறாக இருக்கும்போது இரண்டு பதிலுமே தவறாகிவிடுகின்றன. ஆகவே விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், எதை வைத்து ஒப்பிடுவது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

## எதை வைத்து ஒப்பிடுவது

சாதாரண நன்னீர், 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். (இனி வரும் ஆக்சிஜன் எண்கள் எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்.) வெப்பம் ஏறும்போது நீரின் கொள்ளளவு குறைகிறது, அதே வேளையில் மீனின் சுவாசத் தேவை கூடுகிறது. 5-க்கு மேல் இருந்தால் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை நன்றாகத் தின்று வளரும். 3-க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் தீவனம் எடுப்பது குறைந்து நோய்க்கு வழி திறக்கும். 1-ஐ ஒட்டி வந்துவிட்டால் கெண்டை இனங்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்கும். பிறகு சாகத் தொடங்கும். திலாப்பியா இன்னும் சற்றுத் தாங்கும்.

மண் குளத்தில் பகலில் ஆக்சிஜனைத் தயாரிப்பது பாசி. சூரியன் இறங்கியதும் அதே பாசி, மீன், சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்து அதைச் செலவழிக்கத் தொடங்குகின்றன. ஆதலால் பிற்பகலில் உச்சத்தில் இருக்கும் அளவு, விடிவதற்குச் சற்று முன் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. இந்தச் செலவில் மீனின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். மூன்று சென்ட் குளம், சராசரி ஒரு மீட்டர் ஆழம், உள்ளே 40 கிலோ மீன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ மீன் மணிக்குச் சுமார் 250 மில்லிகிராம் ஆக்சிஜனை எடுத்தாலும், பன்னிரண்டு மணி நேர இரவில் அந்த நீரிலிருந்து மீன்கள் குறைப்பது ஏறக்குறைய 1 மட்டுமே. மீதி இறக்கம் முழுவதும் பாசியும் சேறும் செய்வது. இதே 250 கணக்கை, 10,000 லிட்டர் தொட்டியில் 200 கிலோ மீன் வைத்திருக்கும் பயோஃபிளாக் வளர்ப்புக்கு (மீன் கழிவை நுண்ணுயிர்த் திரள்களைக் கொண்டு தொட்டிக்குள்ளேயே சுத்திகரிக்கும் முறை) போட்டால், மீன்கள் மட்டுமே மணிக்கு 5 குறைத்துவிடும். மின்சாரம் போய், நீருக்குள் காற்றைச் செலுத்தும் ஏரேட்டர் நின்றால் அங்கே கையில் இருப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை.

இந்த வேறுபாட்டிலிருந்துதான் முதன்மையான அளவுகோல் பிறக்கிறது: ஒரு முறை ஆபத்தை எத்தனை மணி நேரம் முன்னதாகச் சொல்கிறது, அந்த நேரத்துக்குள் நம்மால் ஏதாவது செய்ய முடியுமா என்பதே அது. அதற்கு அடுத்தபடியாக, இரவு நேரத்தில் பயன்படுமா, மீன் தவிப்பதற்கு ஆக்சிஜன்தான் காரணமா வேறொன்றா என்று பிரித்துக் காட்டுமா, வாங்கிய பிறகு ஆண்டுதோறும் என்ன செலவு வைக்கும், வீட்டில் வேறொருவர் கையாள முடியுமா என்பவற்றைப் பார்க்க வேண்டும். அளவின் துல்லியத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். கொல்லைக் குளத்தில் 3.1-க்கும் 3.4-க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து யாரும் எந்த முடிவும் எடுப்பதில்லை.

## கண்ணால் பார்ப்பது

செலவில்லாத முறை என்பதால் இதை எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் இதற்குள்ளேயே இரண்டு வகை உண்டு. விடியற்காலையில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாய் பிளந்து நிற்பதைப் பார்ப்பது ஒன்று. அதற்கு முன்பே தெரியும் சிறு மாற்றங்களைப் பார்ப்பது மற்றொன்று. முதலாவது எச்சரிக்கையே அன்று. அது விபத்தின் தொடக்கம். மிதக்கும் தீவனத்தை வழக்கமாகக் கால் மணி நேரத்தில் தீர்க்கும் மீன்கள், மறுநாள் அரை மணி கழித்தும் மிச்சம் வைத்தால் அதுவே கவனிக்கத்தக்கது. மீன்கள் தண்ணீர் வந்து விழும் மூலையையே சுற்றிக்கொண்டிருப்பது, நத்தைகள் வழக்கத்துக்கு மாறாக நீர்மட்டத்துக்கு மேலே கரையில் ஏறி ஒட்டியிருப்பது, கொக்குகள் காலையிலேயே கரையோரம் கூடியிருப்பது ஆகியவையும் அந்த வரிசையில் வரும்.

இரவில் இதைச் சோதிக்க ஒரு டார்ச் போதும். நள்ளிரவுக்குப் பின் நீர்ப்பரப்பின் மேல் வெளிச்சத்தைத் திடீரென்று அடித்தால், நலமாக உள்ள மீன்கள் சட்டென்று விலகி ஆழத்துக்குப் போய்விடும். வெளிச்சம் பட்டும், கரையில் காலால் தட்டியும், நகராமல் மேலேயே மிதந்துகொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தால், ஏரேட்டரையோ மோட்டாரையோ உடனே போட வேண்டும். அளந்து பார்க்கும் நேரம் அதுவன்று.

கண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பொருள் செக்கித் தட்டு. இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள, வெள்ளையும் கறுப்பும் பூசிய வட்டத் தட்டு. கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பார்கள். 1865-இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி கடல் நீரின் தெளிவை அறியப் பயன்படுத்திய முறை இது. சேற்றுக் கலங்கல் இல்லாத குளத்தில் தட்டு 30 முதல் 40 சென்டிமீட்டரில் மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது. 20-க்கும் குறைவாக மறைந்தால் பாசி மிகுந்துவிட்டது. விடியற்காலை ஆக்சிஜன் இறங்கும் என்று பல நாட்கள் முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். வீட்டிலுள்ள பழைய எவர்சில்வர் மூடிக்கு வண்ணம் அடித்தே இதைச் செய்துகொள்ளலாம். வேறெந்த மின்கருவியும் இவ்வளவு முன்னதாக எச்சரிப்பதில்லை என்பது என் கருத்து.

கண் ஏமாறும் இடங்களையும் சொல்ல வேண்டும். மீன் கழிவிலிருந்து உருவாகும் நைட்ரைட் மிகுந்த நீரில் மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து பழுப்பாகிவிடும். நீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் மீன் மேலே வந்து தவிக்கும். செவுளில் ஒட்டுண்ணி இருந்தாலும் அப்படியே. பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு சிறு துப்பு உண்டு: ஆக்சிஜன் பற்றாக்குறையில் பெரும்பாலும் பெரிய மீன்கள் முதலில் சாகும், விடியற்காலையில் சாகும், நண்பகலிலும் தவிப்பு குறையவில்லை என்றால் காரணம் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

விரால் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பகுதியே பொருந்தாது. வளர்ந்த விரால் காற்றைச் சுவாசித்தே வாழும் மீன்; அது மேலே வந்து காற்றெடுத்துப் போவது இயல்பு. ஆக்சிஜன் மீட்டருக்குச் செலவிடுவதைவிட, பறவைக்காகக் கட்டிய வலை தொய்ந்து நீருக்குள் இறங்கி, மீன் மேற்பரப்பைத் தொட முடியாதபடி தடுக்கிறதா என்று அவர்கள் பார்ப்பது பயனுள்ளது. மேலே வர விடாமல் தடுத்தால் விரால் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும்.

## சோதனைக் கிட்

ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர் 1888-இல் வெளியிட்ட முறையின் சுருக்கிய வடிவமே இன்று கடைகளில் கிடைக்கும் ஆக்சிஜன் கிட். சென்னையில் கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தைகளிலும் இணையத்திலும் விசாரித்தால் கிடைக்கும். விலை பெரும்பாலும் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். சிறு கண்ணாடிப் புட்டியை நீருக்கடியில் வைத்துக் குமிழி இல்லாமல் நிரப்பி, முதலிரண்டு கரைசல்களைச் சொட்டுக் கணக்கில் விட்டு, மூடிக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். பழுப்பு நிற வீழ்படிவு இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. நிறம் அடர்த்தியாக இருந்தால் அதிகம் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றுவிட்டால் ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்று பொருள். அவசர வேளையில் இந்த அளவு விடையே போதும். எண் தேவைப்படுபவர்கள் அமிலம் சேர்த்து அடுத்த படிக்குப் போகலாம்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு வசதி உண்டு. அமிலம் சேர்த்த மாதிரியை வெளிச்சம் படாமல் சில மணி நேரம் வைத்திருந்து பிறகு அளக்கலாம். விடியற்காலை ஐந்து மணிக்கு மாதிரி எடுத்து, வெளிச்சம் வந்தபின் நிறம் பார்க்கலாம் என்பதால், டார்ச் வெளிச்சத்தில் நிறம் பிரித்தறியும் தொல்லை இல்லை. நிற அட்டையை ஒப்பிடும் கிட்டைவிடச் சொட்டு எண்ணும் கிட் பச்சை நீருக்கு நல்லது. நீரின் பச்சையே அட்டை நிறத்தோடு கலந்து குழப்பும்.

மறைவான செலவு, கரைசல்களின் காலாவதி. எப்போதாவது ஒருமுறை அளப்பவர் பாதிப் புட்டியைக் கொட்டிவிட்டுப் புதிது வாங்க வேண்டி வரும். நாள்தோறும் அளப்பவருக்கோ புட்டி சீக்கிரம் தீர்ந்து, ஓராண்டுக்குள் கைமீட்டர் விலையில் ஒரு பங்கைச் செலவழித்திருப்பார். கரைசல்களில் காரமும் அமிலமும் நச்சுத்தன்மையுள்ள அசைடு உப்பும் இருக்கும் என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டி வைக்க வேண்டும். அளந்த நீரைக் குளத்திலேயே திருப்பி ஊற்றக் கூடாது.

## கைமீட்டர்

கைமீட்டர்களில் இரு வகைகள் உண்டு. சவ்வுள்ள மின்முனை வகைக்கு மூலம், அமெரிக்க ஆய்வாளர் லீலண்ட் கிளார்க் 1956-இல் வெளியிட்ட வடிவமைப்பு. இது தன் முனையருகே உள்ள ஆக்சிஜனைத் தானே செலவழித்து அளக்கிறது. அதனால் நீருக்குள் மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் பிடித்தால் எண் தானாகக் குறைந்துகொண்டே போகும், பார்ப்பவர் குளம் சாகிறது என்று பயந்துவிடுவார். சவ்வு கிழிவதும், அதனடியில் குமிழி சேர்வதும், உள்ளே இருக்கும் கரைசல் வற்றுவதும் வழக்கம். மாற்றுச் சவ்வு கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஒளிமுறை மீட்டருக்கு அசைவும் வேண்டாம், சவ்வும் இல்லை. ஆனால் விலை பல மடங்கு, முனைத் தொப்பியை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். கொல்லைக் குளத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த மீட்டரையும், முனையைச் சுற்றி ஈரத்துணியைத் தளர்வாகச் சுற்றிக் காற்றில் வைத்து அளவு திருத்தலாம். அப்போது 30 டிகிரியில் அது ஏறக்குறைய 7.5 காட்ட வேண்டும். வேறு எண் காட்டினால் குளத்தில் காட்டுவதும் நம்பத் தக்கதல்ல. ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரங்களில் காற்றழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைவு என்பதால், உயரத்தைக் கருவியில் பதிந்த பிறகே இந்தச் சரிபார்ப்பு செல்லும். கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரையும் அமில-காரத் தன்மையை அளக்கும் பி.எச். பேனாவையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆக்சிஜனையும் பார்த்துவிட்டதாக நினைப்பவர்களை அடிக்கடி காண்கிறேன். அவை இரண்டும் ஆக்சிஜனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

கைமீட்டரின் உண்மையான பயன், விடியற்காலை எழாமலேயே விடியற்காலை அளவை முன்னறிவதில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு ஒருமுறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும் அளந்து, அந்த இறக்கம் இரவு முழுவதும் அதே வேகத்தில் தொடரும் என்று கணக்கிடுவார்கள். ஆறு மணிக்கு 8, ஒன்பது மணிக்கு 6.5 என்றால் மணிக்கு அரை வீதம் குறைகிறது. காலை ஆறு மணிக்கு 2-க்கு வந்துவிடும். அன்றிரவு ஏரேட்டர் போட வேண்டும் என்ற முடிவு ஒன்பதரைக்கே கையில் இருக்கிறது. கிட்டைக் கொண்டும் இதைச் செய்யலாம். ஆனால் நாள்தோறும் இருமுறை சொட்டு எண்ணும் பொறுமை பலருக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருப்பதில்லை.

மீட்டர் வாங்கிய பலர் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்து, 12, 13 என்று பார்த்து மகிழ்கிறார்கள். அந்த எண் நல்ல செய்தியன்று. நீர் தாங்கும் அளவைத் தாண்டி ஏறியிருக்கிறது என்றால் பாசி மிதமிஞ்சியிருக்கிறது. அன்றிரவு இறக்கமும் அதே வேகத்தில் இருக்கும். மேற்பரப்பில் மட்டும் அளப்பதும் இதே வகை ஏமாற்றத்தைத் தரும். கோடையில் மேல்நீர் சூடாகி அடிநீரோடு கலக்காமல் நிற்கும்போது மேலே 8 இருக்க, அடியில் 1 இருக்கலாம். திடீர் மழையில் இரண்டும் கலந்தால் குளம் முழுவதும் ஒரே இரவில் கீழே வந்துவிடும். தரையிலிருந்து ஒரு முழம் மேலே ஓர் அளவு எடுக்கும் பழக்கம் வேண்டும்.

## நிலையான சென்சார்

குளத்தில் நிரந்தரமாக வைத்து, கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பி, வேண்டுமானால் ஏரேட்டரைத் தானே இயக்கும் அமைப்பு இது. எல்லா அளவுகோலிலும் முதலிடம் பெறுவதுபோல் தோன்றும். ஆனால் பச்சை நீரில் வைத்த சென்சார் முனையில் சில நாட்களிலேயே பாசிப்படலம் படிந்துவிடும். பிறகு அது காட்டுவது குளத்து ஆக்சிஜனை அன்று, அந்தப் படலத்தின் ஆக்சிஜனை. வாரம் ஒருமுறையாவது துடைக்க வேண்டும். துடைக்காத சென்சார் நள்ளிரவில் பொய் எச்சரிக்கை அனுப்பும். அப்படி இரண்டு மூன்று இரவு எழுந்தவர் அடுத்து கைபேசியை மௌனத்தில் வைத்துவிடுவார். மின்சாரம் போகும்போது வைஃபை கருவியும் சேர்ந்து அணைந்துவிட்டால், எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் அந்த நொடியில்தான் அது வராமல் போகும். எனவே சென்சாரின் விலையோடு, தனி பேட்டரி, சிம் வழி இணைப்பு, ஆண்டுக்கொரு முனை மாற்றம் ஆகியவற்றையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

ஏரேட்டரையே நம்பியுள்ள தொட்டிகளில் ஆபத்து பெரும்பாலும் ஒரே வழியில்தான் வருகிறது: காற்று நின்றுபோவது. அதைக் கண்டுபிடிக்க ஆக்சிஜனை அளக்க வேண்டிய தேவையே இல்லை. மின்சாரம் நின்றவுடன் ஒலிக்கும் பேட்டரி மணியை, அறிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் சில நூறு ரூபாய்ச் செலவில் கட்டித் தருவார். காற்றுக் குழாயில் அழுத்தம் குறைந்தால் ஒலிக்கும் சுவிட்சும் சேர்ந்தால் பம்பு பழுதையும் காட்டிவிடும். சென்சார் தரும் பாதுகாப்பில் பெரும்பகுதி இங்கேயே கிடைத்துவிடுகிறது.

## ஒரே பார்வையில்

| | கண்ணும் தட்டும் | சோதனைக் கிட் | கைமீட்டர் | நிலையான சென்சார் |
|---|---|---|---|---|
| முன்னறிவிப்பு | தட்டு: நாட்கள், மீன் தவிப்பு: மிகத் தாமதம் | அளக்கும் நேரத்தைப் பொறுத்தது | மாலைக் கணக்கில் எட்டு, ஒன்பது மணி நேரம் | உடனுக்குடன், பராமரித்தால் |
| இரவில் | டார்ச் வேண்டும் | மாதிரி எடுத்து வைக்கலாம் | எளிது | ஆள் வேண்டாம் |
| காரணம் பிரித்தல் | இயலாது | ஆக்சிஜன் ஆம்/இல்லை | ஆக்சிஜன் ஆம்/இல்லை | ஆக்சிஜன் ஆம்/இல்லை |
| வாங்கும் செலவு | இல்லை | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| மறைவான செலவு | விடியற்காலைத் தூக்கம் | காலாவதி, அமிலம் | சவ்வு, கரைசல் | துடைத்தல், பேட்டரி, இணைப்பு |

## எந்த நிலையில் எது

மண் குட்டை, கெண்டைக் கூட்டு வளர்ப்பு, சென்ட்டுக்குப் பத்துப் பதினைந்து கிலோ அளவில் மீன், தீவனமும் மிதமாக என்றால், கண்ணும் செக்கித் தட்டும் போதும். ஒரு கிட்டை மட்டும் கூடவே வைத்துக்கொண்டு, மீன் தவிக்கும்போது காரணம் ஆக்சிஜனா என்று உறுதிசெய்யப் பயன்படுத்தலாம். மேகம் மூடிய நாட்கள் தொடரும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கண்காணிப்பைக் கூட்ட வேண்டும்; பகலில் பாசிக்கு வெளிச்சம் இல்லாததால் மாலையிலேயே இருப்பு குறைவாக இருக்கும்.

அதே குளத்தில் மீனை இரட்டித்து, நாள்தோறும் மிதவைத் தீவனம் போடுபவருக்குக் கைமீட்டர் வேண்டும். தனியாக வாங்குவது சுமையாக இருந்தால், ஒரே தெருவில் குளம் வைத்திருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி மாலையில் சுற்றுக்கு விடலாம். ஆறு மணி, ஒன்பது மணி அளவுகளுக்கு அது போதும். நோய் வந்த குளத்திலிருந்து அடுத்த குளத்துக்குப் போகும்முன் முனையை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு.

பயோஃபிளாக், மறுசுழற்சித் தொட்டி வைத்திருப்பவர்கள், மின்தடை மணியையும் மாற்று மின்சாரத்தையும் முதலில் வாங்கி, அதன்பிறகு கைமீட்டர், கடைசியாகத்தான் சென்சார் என்ற வரிசையில் போவது நல்லது. அடிக்கடி வெளியூர் போகிறவர்கள், தொட்டியில் இலட்சக்கணக்கில் முதலீடு வைத்திருப்பவர்கள் ஆகிய இரு சாராருக்கு மட்டுமே சென்சார் தன் விலைக்கு நியாயம் செய்யும்.

அலங்காரத்துக்காகக் கோய் கெண்டை வளர்க்கும் சிறு குளங்களில் பாசி குறைவு, மீன் கண்ணுக்குத் தெரியும், அருவிபோல் நீர் விழும் அமைப்பும் பெரும்பாலும் இருக்கும். அங்கே ஆக்சிஜனைவிட அம்மோனியாவும் நைட்ரைட்டும்தான் முதலில் தொல்லை தருகின்றன. ஆக்சிஜன் மீட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் அவ்விரண்டுக்குமான கிட்டுகளை வாங்கலாம்.

இவற்றில் எதையும் வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது, எச்சரிக்கை வந்தால் போடுவதற்கு ஏரேட்டர் இருக்கிறதா என்பது. இல்லையென்றால் கண்காணிப்புக்கு ஒதுக்கிய தொகை முதலில் அதற்குப் போகட்டும். அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று வீட்டில் இருந்தால், குளத்து நீரையே உறிஞ்சி, குழாய் முனையில் துளையிட்ட மூடி போட்டு உயரத்திலிருந்து மழைபோல் விழச் செய்தால் ஓரிரவைக் கடத்திவிடலாம். உறிஞ்சும் முனையைச் சேற்றில் வைக்காமல் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிக் கட்டுங்கள். சேறு கலங்கினால் அதுவே மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும்.